புதுப்பிப்பு: பஸ் நிறுத்தப் பனிமேடு அகன்றது

மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் பஸ் நிறுத்தத்தை மறித்த பனிமேட்டை அம்மாவால் தாண்ட முடியவில்லை, என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்றிரவு அதை அள்ளிவிட்டார்கள்!

பனி தள்ளும் வண்டி வந்துபோன பிறகும் மேடு ஏன் என்று சிலர் கேட்டீர்கள். அந்த மேடே அதனால் வருவதுதான். முதலில் வீதியையும் நடைபாதையையும் திறக்கப் பனியை ஓரமாக ஒதுக்குவார்கள். அள்ளி ஏற்றுவது தனி வேலை. பெரிய வீதிகள் முன்னால், குடியிருப்புத் தெருக்கள் பின்னால். பனி அள்ளப்போவதாக ஆரஞ்சு நிற அறிவிப்புப் பலகை நட்டால், அதில் போட்டிருக்கும் நேரம் தொடங்குமுன் காரை எடுத்துவிடுங்கள். சைரன் ஊதிக்கொண்டு இழுவை வண்டி வரும். அள்ளிய பனியில் ஒரு பெரிய பங்கு சேன் மிஷேல் பகுதியின் பழைய கற்குவாரிக்குப் போகிறது. அங்கே கோடையிலும் அழுக்குப் பனிமலை நிற்கும்.

கடுங்குளிரில் உப்பு சரியாக வேலை செய்யாது, அதனால் சிறுகல் தூவுகிறார்கள். அம்மாவின் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை வாங்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. ஆனால் மெட்ரோ நிலையத்துக்குள் அதைக் கழற்றிவிட வேண்டும், வழவழப்பான தரையில் அதுவே சறுக்கும்.

மெட்ரோ முழுக்க நிலத்தடி என்பதால் உள்ளே போய்விட்டால் கவலையில்லை. நிலையக் கதவுதான் காற்றில் அம்மாவுக்குக் கனக்கிறது. அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.