காலில் பெரிய காயம்: எந்தத் தமனியோடு இணைப்பது?

குழுவிலுள்ள பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்களுக்கு வணக்கம். நாங்குநேரி அருகே நான்குவழிச் சாலையில் நடந்த விபத்தில், வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, அது வெளியே தெரியும் அளவுக்குத் தோலும் தசையும் சிதைந்துவிட்டன. முதுகிலிருந்து லாட்டிசிமஸ் தசையை எடுத்து, அதன் இரத்த நாளங்களைக் காலின் நாளங்களோடு மைக்ரோசர்ஜரி (நுண்ணோக்கி வழி அறுவை) மூலம் இணைத்துக் காயத்தை மூடத் திட்டமிட்டுள்ளோம்.

இரத்த நாளங்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஸ்கேனில், கீழ்க்காலின் மூன்று முக்கியத் தமனிகளில் முன் டிபியல் தமனி முறிவிடத்திலேயே அடைபட்டிருக்கிறது. பின் டிபியல், பெரோனியல் தமனிகள் இரண்டும் பாதம் வரை ஓடுகின்றன. பின் டிபியல் தமனியை வெட்டி முனையோடு முனை சேர்த்தால் பாதத்துக்குச் செல்லும் இரத்தம் குறையும் என்பதால், அதன் பக்கச் சுவரில் துளையிட்டு இணைப்பதே நல்லது என்று கருதுகிறேன். காயத்தை ஒட்டிய நாளங்கள் படத்தில் நன்றாகத் தெரிந்தாலும், சுற்றிலும் வீங்கி இறுகி, தொட்டவுடன் சுருங்கிக்கொள்பவை. அங்கே இணைத்தால் இரத்தம் உறைந்து தசையையே இழக்க நேரிடும். ஆகவே காயத்துக்கு மேலே செல்லவே மனம் விரும்புகிறது. ஆனால் அங்கே தமனி ஆழத்தில் இருக்கிறது. தசையின் காம்பு (அதோடு வரும் இரத்த நாளங்கள்) எட்டாமல், இடையில் சேர்க்கச் சிரை ஒட்டும் (வேறிடத்திலிருந்து எடுக்கும் சிரைத் துண்டு) தேவைப்படலாம்.

காயத்துக்குக் கீழே, கணுக்கால் பக்கம் இணைத்து நல்ல பலன் கண்டவர்கள் உண்டா? தசையின் சிரையை இணைக்கத் தமனியோடு வரும் ஆழ்சிரை போதுமா, தோலுக்கடியில் ஓடும் சஃபீனஸ் சிரையையும் தயாராக வைத்துக்கொள்ள வேண்டுமா? அவருடைய குடும்பம் முழுவதும் அவர் உழைப்பை நம்பியிருப்பதால், வியாழக்கிழமை அறுவைக்கு முன் உங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.