விளையாட்டில் நட்சத்திரங்கள் நிறைகின்றன, எட்டும் ஐந்தும் கேட்டால் மகள் ஒன்றிலிருந்து எண்ணுகிறாள்

கேட்டவர்: கரூர்த் தந்தை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு ஆறரை வயதாகிறது. ஆங்கில வழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டு இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். கணக்கு என்றாலே சிணுங்குகிற பிள்ளை என்பதால், விளையாடிக்கொண்டே கற்கட்டும் என்று ஆறு மாதங்களுக்கு முன்பு கைப்பேசியில் கணக்கு விளையாட்டுச் செயலி ஒன்றை இறக்கிக் கொடுத்தோம். தினமும் அரை மணி நேரம் ஆடுகிறாள், ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை, கூட்டல் பகுதியில் எல்லாப் படிகளிலும் மூன்று நட்சத்திரங்கள் பெற்றிருக்கிறாள். ஆனால் போன வாரம் எட்டுப் புளியங்கொட்டைகளை ஒரு பக்கமும் ஐந்தை இன்னொரு பக்கமும் வைத்து மொத்தம் எத்தனை என்று கேட்டபோது, சற்று முன் அவளே எண்ணி வைத்த எட்டை மறுபடியும் ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

சந்தேகம் வந்து, அவள் ஆடும்போது பின்னால் நின்று பார்த்தேன். திரையின் மேலே ஒரு கூட்டல் கணக்கும் கீழே மூன்று பலூன்களில் மூன்று விடைகளும் வருகின்றன. அவள் கணக்கின் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. இடது பலூனைத் தொடுகிறாள், அது வெடிக்காவிட்டால் நடுவில் இருப்பதை, அதுவும் வெடிக்காவிட்டால் வலது பலூனை. எத்தனை முறை தவறினாலும் கடைசியில் கைதட்டல் கேட்கிறது.

இதோடு இந்த விளையாட்டுகளையே நிறுத்திவிடலாம் என்கிறார் மனைவி. வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. நல்ல விளையாட்டைத் தேர்ந்தெடுக்க வழி தெரிந்தால் அதில் போட்டுக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கரும்பலகை

வணக்கம் ஐயா. நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. உங்கள் மகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பலூன்களையும் வரிசையாகத் தொட்டாலே நட்சத்திரம் கிடைக்கும்போது எந்தப் பிள்ளையும் மெனக்கெட்டுக் கூட்டிப் பார்க்காது. ஒரு விளையாட்டை வகுப்புக்குள் விடுவதற்கு முன் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அடுத்த கட்டத்துக்குப் போகப் பிள்ளை அந்த எண்ணை வைத்து என்ன செய்தாக வேண்டும்? படமும் பாட்டும் எவ்வளவு அழகாக இருந்தாலும், எண்ணைப் பார்க்காமலேயே ஆட்டத்தை முடித்துவிட முடியுமென்றால் அது கணக்கு விளையாட்டில் சேராது.

விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லும் விளையாட்டில் இந்தக் குறுக்கு வழி அடைபட்டுவிடும். டக்ஸ்மேத் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். பனிவீடுகளில் பெங்குவின்கள் இருக்கும். வானத்திலிருந்து ஒரு கணக்கைச் சுமந்துகொண்டு வால்மீன் இறங்கும். விடையைத் தட்டி எண்டர் விசையை அழுத்தினால்தான் அதைச் சுட்டு வீழ்த்த முடியும். அதன் பாடங்கள் எண்களை வெறுமனே தட்டச்சு செய்வதில் தொடங்கிக் கூட்டல், கழித்தல், பெருக்கல் என்று ஏறும்.

ஆனால் உங்கள் பிள்ளைக்கு உடனே தேவைப்படுவது வேறு. எட்டை மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறாள் என்றால், எட்டிலிருந்து தொடர்ந்து எண்ணும் பழக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை என்று பொருள். இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ராமானி, சீக்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், 2008-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒன்று முதல் பத்து வரை ஒரே வரிசையில் எழுதிய அட்டையைக் கொடுத்து, காயை நகர்த்தும் எளிய ஆட்டத்தை ஆடவைத்ததைச் சொல்கிறார்கள். கால் மணி நேர ஆட்டம் நான்கு முறைதான். இரண்டு எண்களில் எது பெரியது என்று சொல்வதிலும், எண்கோட்டில் ஓர் எண் எங்கே விழும் என்று காட்டுவதிலும் அந்தப் பிள்ளைகள் தேறினார்கள், ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் மட்டும் இருந்த அட்டையில் ஆடிய பிள்ளைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. நான்காம் கட்டத்தில் காய் நிற்கும்போது இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தாமல் "ஐந்து, ஆறு" என்று கட்டத்தில் உள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்லி நகர்த்தவேண்டும் என்பது அந்த ஆட்டத்தின் விதி. உயிர்நாடியே அதுதான்.

இதே கருத்தில் பிரான்சில் டெஹேன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கில் தடுமாறும் சிறுவர்களுக்காக 'நம்பர் ரேஸ்' என்ற கணினி விளையாட்டை உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டு குவியல்களில் பெரியதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கவேண்டும். எடுத்த அளவுக்கு நேர்வரிசையில் அதன் காய் முன்னேறும், மீந்த குவியல் எதிராளிக்குப் போகும். தவறாகத் தேர்ந்தால் எதிராளி முந்துவது கண்ணுக்குத் தெரியும் என்பதால் கைபோன போக்கில் தொடுவது தானாகக் குறையும்.

இன்னொன்று: செயலி எந்தப் படியைக் காட்டுகிறது என்பதை மறந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022 முதல் நாங்கள் வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்துத்தான் பாடம் எடுக்கிறோம். வீட்டிலும் அவள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள், அது எவ்வளவு கீழே இருந்தாலும்.

பதில்: பாலக்காட்டுக்காரன்

ஆசிரியை அம்மா சொன்னவற்றில் டக்ஸ்மேத் பற்றி மட்டும் நான் மாறுபடுகிறேன். என் மகனுக்கு அதே வயதில் அதைக் கொடுத்தேன். வால்மீன் விழுந்து பனிவீடு உடைந்ததும் பெங்குவினுக்காக ஒரு மூச்சு அழுதான். அதன் பிறகு விரல் விட்டு எண்ணுவதைக்கூட நிறுத்திவிட்டு, அவசரத்தில் வாய்க்கு வந்த எண்ணைத் தட்ட ஆரம்பித்தான். கூட்டல் ஓரளவு மனத்தில் பதிந்த பிறகு வேகம் கூட்டுவதற்கு அது நல்ல விளையாட்டுதான். ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கும் குழந்தையை நேரத்தோடு போட்டி போடவிட்டால் பயம்தான் மிஞ்சும்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஜிகாம்ப்ரி. பிரெஞ்சு மொழியில் "புரிந்துகொண்டேன்" என்று சொல்வதன் ஒலிதான் அதன் பெயராம். சிறுவர்களுக்கான பல கல்வி விளையாட்டுகள் அடங்கிய, 2000-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. பழைய மடிக்கணினியிலும் ஓடும், விளம்பரம் கிடையாது. கேரளத்தில் தொடக்க வகுப்புகளின் கணினிப் பாடநூலுக்குப் பெயரே 'களிப்பெட்டி', அதாவது விளையாட்டுப் பெட்டி. அங்குள்ள பள்ளிகளில் இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால் எனக்கும் அது பழக்கமாயிற்று. அதில் தராசு விளையாட்டைத் தேடிப் பாருங்கள். ஒரு தட்டில் உள்ள எடைக்கு ஈடாக மறுதட்டில் சிறிய எடைகளை வைக்கவேண்டும். தவறினால் "தவறு" என்ற சத்தத்தோடு முடிந்துவிடாமல், தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது. இன்னும் வேண்டுமா, கூடிவிட்டதா என்று பிள்ளையே யோசிக்கவேண்டும்.

பதில்: முல்லைக்கொடி

தம்பி, கணினி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் பேத்தியும் ஆடுகிறாள். ஆனால் புளியங்கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அதற்கு வழி கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்குச் சிரிப்பு. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தவுடன் "பசு" என்று எடுத்துக்கொள்ளவேண்டும். எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் சிரிப்பார், ஆகவே பார்த்தவுடனே நான்கு என்று கண்ணுக்குப் படிந்துவிடும். எந்தச் செயலியும் இதைவிட நன்றாக அதைக் கற்றுத்தரும் என்று நான் நம்பவில்லை.

திரையில் ஆடும்போது ஒன்று செய்யுங்கள்: சத்தத்தை அணைத்துவிட்டு, எண்களை அவளோடு சேர்ந்து தமிழிலும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தேர்ட்டீன், தேர்ட்டி என்று காதில் ஒன்றுபோல விழுவதில் பிள்ளைகள் குழம்புகிறார்கள். பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும், முப்பது என்றால் மூன்று பத்து. நம் சொல்லிலேயே கணக்கு இருக்கிறது.

கேட்டவர்: கரூர்த் தந்தை

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். பலூன் செயலியை நீக்கியதற்கு இரண்டு நாள் அழுகை இருந்தது. இப்போது இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம், நான் பக்கத்தில் உட்கார, தராசு விளையாட்டு. அதன் பிறகு அட்டையில் நாங்களே கோடு போட்ட பத்துக் கட்ட ஆட்டம். "ஐந்து, ஆறு" என்று சொல்லாமல் நகர்த்தினால் காய் திரும்பப் பழைய இடத்துக்கு வரவேண்டும் என்று அவளே விதி போட்டிருக்கிறாள், அது பெரும்பாலும் என் மேல்தான் பாய்கிறது. நேற்று எட்டும் ஐந்தும் மறுபடி வைத்தேன். எட்டுக் கொட்டைகளின் மேல் கையை மூடி வைத்துக்கொண்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஐந்தையும் தொட்டு முடித்தாள். இதே முறை பன்னிரண்டும் நான்கும் வைத்தால் இன்னும் வரவில்லை.

முல்லைக்கொடி அம்மா சொன்னபடி தமிழிலும் சொல்கிறோம். அதில் ஒரு சிக்கல்: "தொண்ணூறு" என்று சொன்னால் 100 என்று எழுதுகிறாள்.

பதில்: கரும்பலகை

அந்தச் சொல்லுக்குள் நூறு கேட்கிறது அல்லவா, பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். என் வகுப்பிலும் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேர் அப்படி எழுதுவார்கள். பின்னால் தொள்ளாயிரம் வரும்போது ஆயிரத்தோடும் இதே வம்பு இருக்கிறது, இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு எட்டுக் கட்டுகளும், தனியாக ஒன்பது குச்சிகளும் கொடுங்கள். இன்னொரு குச்சியை அவளே சேர்த்து ஒன்பதாவது கட்டைப் போடட்டும். போட்ட பிறகு தொண்ணூறு என்று சொல்லுங்கள்; நூறு என்று எழுதப் போனால், பத்தாவது கட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.