சிங்கப்பூர் – சான்பிரான்சிஸ்கோ விமானம்: ஆத்தாவின் செவ்வாய்க்கிழமை எப்போது முடியும்?

காரைக்குடிக்காரன்:
ஆத்தாவுக்கு 71 வயது. முதல் தடவையாக, அதுவும் தனியாக, விமானம் ஏறப் போகிறார்கள். தங்கச்சிக்கு ஜூனில் பிரசவம். திங்கள் இரவு 10.30க்குத் திருச்சி, சிங்கப்பூரில் மாறி செவ்வாய் காலை 9 மணிக்கு சான்பிரான்சிஸ்கோ விமானம். அங்கே இறங்குவதும் செவ்வாய் காலை 9 மணி என்றே டிக்கெட்டில் இருக்கிறது. அச்சுப் பிழையா? போக 15 மணி நேரம், திரும்ப 17 என்கிறார்களே, தூரம் ஒன்றுதானே? ஆத்தாவுக்குச் செவ்வாய் விரதம், ஒரு பொழுதுதான் சாப்பாடு. சர்க்கரைக்கு மாத்திரையும் உண்டு. அதுதான் கவலையாக இருக்கிறது.

சிங்கப்பூர்வாசி:
பிழை இல்லை. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள்; அந்தக் கணக்குப்படி சான்பிரான்சிஸ்கோ சிங்கப்பூரைவிட 15 மணி நேரம் பின்னால் இருக்கிறது. 15 மணி நேரம் பறந்தால் கடிகாரம் கிளம்பிய இடத்திலேயே நிற்கும். தூரம் சுமார் 13,600 கி.மீ. பூமி உருண்டையில் குறுக்கு வழி வடக்கே வளைவதால் ஜப்பானை ஒட்டிப் போகும். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது. போகும்போது அது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிற்கும். அந்த 2 மணி நேர வித்தியாசம் அதனால்தான்.

கானாடுகாத்தான் ஆச்சி:
தம்பி, மகள் வீட்டுக்கு நானும் இதே வழியில்தான் போனேன். ஆத்தாவின் கைக்கடிகாரத்தை மாற்றாதீர்கள். சான்பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது அது செவ்வாய் இரவு 9.30 காட்டும். அத்தோடு நம்ம ஊர்ச் செவ்வாய் முடிந்த மாதிரிதான். அங்கத்திய செவ்வாயையும் சேர்த்து விரதம் இருந்தால் ஒரே கிழமை முப்பத்தாறரை மணி நேரம் நீளும். சர்க்கரை உள்ள உடம்புக்கு அது ஆகாது. மாத்திரை நேரத்தை டாக்டரிடம் எழுதி வாங்கி, மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் வேண்டவே வேண்டாம்.

பறக்கும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்பினால், திருச்சிக்கு 90 கி.மீ., அங்கே காத்திருப்பு, 4 மணி நேரம் சொச்சம் சிங்கப்பூர், மறுபடி காத்திருப்பு, அப்புறம் அந்த 15 மணி நேரம், குடிநுழைவு வரிசை. மகள் வீட்டு வாசலை மிதிக்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட்டிலேயே சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துவிடுங்கள். நடக்க முடிந்தாலும் கேளுங்கள், கூடவே ஒரு ஆள் வருவார். ஓரத்து இருக்கை வாங்குங்கள், அடிக்கடி எழுந்து நடக்கட்டும். கால் வீங்காது, இரத்தமும் கட்டாது.

எங்கள் ஐயா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கு போனவர். வழியில் எத்தனை நாள் போனது என்பதை வீட்டில் யாரும் கணக்குப் பார்த்ததில்லை, போய்ச் சேர்ந்தேன் என்ற கடிதத்துக்குத்தான் காத்திருப்பார்கள். நீங்கள் சிங்கப்பூரில் ஆத்தா இறங்கியதும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

காரைக்குடிக்காரன்:
ஆச்சி, ஆத்தாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "கடிகாரத்தை மாத்தாம இருந்தாப் போதுமா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்கள். நாற்காலிக்குச் சொல்லிவிட்டேன். சீப்புச் சீடை, மணகோலம் பலகாரங்களும் கொல்லைக் கறிவேப்பிலையும் கொண்டுபோகலாமா?

கானாடுகாத்தான் ஆச்சி:
சீடையும் மணகோலமும் சரி, கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடட்டும். பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள், வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உப்புக்கண்டமும் வேண்டாம்.