அப்பாவைச் சிறுநீரக நிபுணரிடம் இப்போதே காட்ட வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ளன. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் அளவு சென்ற ஆண்டு 44 ஆக இருந்தது, இப்போது 31 ஆகிவிட்டது. சிறுநீரில் நுரை அடங்குவதில்லை, மாலையானால் செருப்பு வார் பதிந்து தடம் விழும் அளவுக்குக் கால் வீங்குகிறது. இங்குள்ள மருத்துவர், ரத்தத்தில் சேரும் கழிவான கிரியேட்டினின் இன்னும் ஏறினால் பார்க்கலாம் என்கிறார். ஆனால் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இறங்கினாலோ, இப்படி வேகமாகச் சரிந்தாலோ, சிறுநீரில் புரதம் மிக அதிகமாகப் போனாலோ நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். முன்கூட்டியே காட்டினால்தான் மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரகவியல் புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமைகளில் நடக்கிறது, பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பார்ப்பார்களா, உதகைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ நிபுணர் யாரேனும் வந்து போகிறார்களா என்று தெரிந்தவர்கள் அருள்கூர்ந்து சொல்லுங்கள்.