புதுப்பிப்பு: வென்லாஃபாக்சின் குறைப்பு, ஆறாவது வாரம்

மனச்சோர்வுக்காக நான் எடுக்கும் வென்லாஃபாக்சின் மாத்திரையை 75 மில்லிகிராமிலிருந்து 37.5-க்கு இறக்கிய மூன்றாம் நாளே தலைக்குள் ஷாக் அடிக்கிறது, கண்ணைத் திருப்பினால் கூடுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மனச்சோர்வு திரும்பிவிட்டதோ என்றுதான் பயந்தேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: இந்த மருந்து சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பாதியாகிவிடும், அதனால்தான் குறைத்தவுடனே இப்படி; நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் மெல்ல, வாரக்கணக்கில் வரும். அதைக் கேட்டதுமே பாதி பாரம் இறங்கிவிட்டது. சரி என்று மறுபடி 75-க்கு ஏறினேன். ஷாக் நாலைந்து நாளில் அடங்கியது. அடுத்த குறைப்பு சின்னச் சின்னப் படிகளாக, மாதத்துக்கு ஒன்று. தினமும் காலை எட்டு மணிக்கு மாத்திரை, தவறாமல். விடியற்காலைக் கனவுகள்தான் இன்னும் விடவில்லை.