லேகோஸிலிருந்து ஊர் திரும்புகிறோம்: இபேஜி இணையையும் கெலெடே முகமூடியையும் எப்படிப் பாதுகாத்துக் கொண்டுவருவது?

லேகோஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினொரு ஆண்டுகளாக நைஜீரியாவின் லேகோஸில் வசித்து வருகிறோம். கணவரின் ஒப்பந்தம் முடிவதால் வரும் மார்ச்சில் சென்னைக்குத் திரும்புகிறோம். இத்தனை ஆண்டுகளில் நான் சேர்த்த பொருள்கள் மிகக் குறைவு. யொருபா மக்களின் இபேஜி சிற்பங்கள் ஓர் இணை, உச்சியில் பாம்பும் பறவையுமாகச் செதுக்கி வண்ணம் பூசிய கெலெடே ஆட்ட முகமூடி ஒன்று, அபெயோகுட்டாவில் வாங்கிய, அவுரிச் சாயமிட்ட அதிரே துணிகள் இரண்டு, பித்தளைக் காப்பு ஒன்று, அவ்வளவுதான்.

இபேஜியைப் பற்றி அறியாதவர்களுக்காக ஒரு சொல். யொருபா மக்களிடையே இரட்டைப் பிள்ளைகள் மிகுதியாகப் பிறக்கின்றன. இரட்டையரில் ஒரு பிள்ளை இறந்துவிட்டால் அதற்கு ஈடாக ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேற்பட்ட மரச்சிற்பம் ஒன்றைச் செதுக்கச் செய்து, தாய் அதைக் குளிப்பாட்டி, உணவு படைத்து, செந்நிற மரப்பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசி வளர்ப்பாள். என்னிடம் இருப்பவற்றின் முகங்கள் கண்ணும் மூக்கும் தெரியாத அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன. மரப்பாச்சியோடு வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, முதன்முதலில் கையில் எடுத்தபோதே அவை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இப்போது ஹார்மட்டான் வறண்ட காற்று வீசுகிறது. மரம் உலர்ந்து, ஒரு சிற்பத்தின் முதுகில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது. தாய்மாரே எண்ணெய் பூசி வந்த பொருள்தானே, நானும் தேங்காய் எண்ணெய் தடவலாமா? இன்னொரு சிற்பத்தின் காலடியில் வெளிறிய தூள் கொட்டிக் கிடக்கிறது. அதற்கு என்ன செய்வது? முகமூடியைக் கப்பலில் அனுப்பலாமா? விற்றவர் தந்த ரசீது மட்டுமே கைவசம் உள்ளது. அது போதுமா?


மரமும் மெருகும் எழுதியது:

சகோதரி, எண்ணெய் தடவ வேண்டாம். அருங்காட்சியகம் ஒன்றில் மரச்சிற்பங்களைப் பராமரிக்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், மற்றக் கேள்விகளுக்கு முன் இதையே சொல்ல விரும்புகிறேன்.

தாய்மார் பூசினார்கள் என்பது உண்மை. அந்தப் பூச்சும், நாள்தோறும் பட்ட விரல்களும், ஊட்டிய உணவின் படிவும் சேர்ந்துதான் அந்தச் சிற்பத்தின் மேற்பரப்பை உருவாக்கின. சிற்பி செதுக்கி முடித்த முகத்தின் மீது ஒரு தாய் தன் கைகளால் பல ஆண்டுகள் தேய்த்து எழுதியதே நீங்கள் காணும் தேய்ந்த முகம். அதன்மேல் நாம் பூசும் எண்ணெய் அந்தத் தொடர்ச்சியில் சேராது. அடியில் இருப்பதை மறைக்கவே செய்யும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடையடித்து, தூசியை ஒட்டவைத்து, சென்னையின் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு உணவாகிவிடும். ஒருமுறை மரத்தில் ஊறிய எண்ணெயைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஈரத்துணியும் கூடாது. இபேஜியின் கூந்தலில் நீல நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிற்பங்களில் அது அவுரிச் சாயமாக இருக்கும். பிற்காலத்தில், வெள்ளைத் துணிக்குப் போடுகிறோமே, அதே சலவை நீலத்தையே பூசினார்கள். ஈரம் பட்டால் அது துணியோடு வந்துவிடும். மடிப்புகளில் தங்கியிருக்கும் செம்பொடியும் அப்படியே. மென்மையான ஓவியத் தூரிகையால் தளர்ந்த தூசியை மட்டும் தட்டிவிடுங்கள்; செம்பொடி உதிர்வது தெரிந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். மணிச்சரங்கள் இருந்தால் கழற்ற வேண்டாம்.

வெடிப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஈரப்பதம் உயர்ந்தால் அது தானாகவே ஓரளவு மூடிக்கொள்ளும். மெழுகோ மரத்தூள் பசையோ வைத்து அடைத்துவிட்டால், மரம் மீண்டும் விரியும்போது அந்த அடைப்பே ஆப்பாகி வெடிப்பைப் பெரிதாக்கும். சார் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது என்றாலும், எந்த அளவாயினும் அது அடிக்கடி ஏறி இறங்காமல் இருப்பதே முதன்மையானது. ஆகவே இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையை விட, காற்றோட்டமுள்ள கூடத்தின் உட்சுவரே சிறந்த இடம்.

காப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் நம் வீடுகளின் வழக்கம் தெரியும் என்பதால் சொல்கிறேன். அதைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அணிந்து அணிந்து ஏறிய கருமை அதன் வரலாறு.


அக்ராவிலிருந்து எழுதியது:

தூளைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். அது உளுவாக இருக்கலாம், ஆனால் பழைய துளையில் தங்கியிருந்த தூள் அசைவில் உதிர்ந்ததாகவும் இருக்கலாம். சிற்பத்தைக் கறுப்புத் தாளின்மேல் நிறுத்தி, பத்து நாள் தொடாமல் விட்டுப் பாருங்கள். புதிதாகத் தூள் குவிந்தாலோ, துளையின் விளிம்பு புதிய மரத்தின் நிறத்தில் இருந்தாலோ, உள்ளே உயிருள்ள புழு இருக்கிறது.

மருந்து அடிக்காதீர்கள், அது மேற்பரப்பைக் கறையாக்கும், உங்கள் கைக்கும் கேடு. உறையவைப்பதே பாதுகாப்பான வழி. அமிலமற்ற மெல்லிய தாளிலோ துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியிலோ சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 20 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் வையுங்கள். மெதுவாகக் குளிர்ந்தால் புழு தாக்குப்பிடிக்கும் என்பதால், முன்கூட்டியே நன்றாகக் குளிர்ந்த டீப் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். லேகோஸின் மின்வெட்டை நினைத்தால், இரவும் பகலும் ஜெனரேட்டர் ஓடும் இடத்தில்தான் இதைச் செய்ய முடியும். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் மரத்தின்மேல் நீர் கோக்கும். முகமூடியின் வண்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் அதை உறையவைக்க வேண்டாம்.

அனுப்புவதில் எனக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. நான் அமர்த்திய பொதிகட்டுவோர், வண்ணம் தீட்டிய முகமூடி ஒன்றின்மேல் குமிழி பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுற்றி ஒட்டுநாடாவால் இறுக்கிவிட்டார்கள். கப்பலில் பல வாரங்கள் கிடந்த கொள்கலனின் வெப்பத்தில் குமிழிகளின் வட்டத்தடம் வண்ணத்தில் பதிந்துவிட்டது. நாடா பட்ட இடத்தில் வண்ணமே உரிந்து வந்தது. இன்றும் அந்த முகமூடியைப் பார்க்கும்போதெல்லாம், கூடவே நின்று பார்த்துக்கொள்ளாமல் போனேனே என்று மனம் வருந்துகிறது. பொருளைத் தொடுவது அமிலமற்ற தாளாக மட்டுமே இருக்க வேண்டும். அதற்கு வெளியே பாலித்தீன் நுரைப்பலகையில் முகமூடியின் அடிவிளிம்பு அமரும்படி பள்ளம் வெட்டி, எடை முழுவதையும் விளிம்பே தாங்கச் செய்யுங்கள். பாம்பின் வளைவும் பறவையின் கழுத்தும் எதன்மீதும் சாயக்கூடாது. அவற்றைச் சுற்றி வெற்றிடம் இருக்கட்டும். இந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள், எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் நுரையோடு வைக்க வேண்டும்.

அதிரே துணியை மடிக்காமல், அட்டைக்குழலின்மேல் வெள்ளை மல்துணியை இடையிட்டுச் சுருட்டுங்கள். அவுரி மற்றதன்மேல் ஏறும்.


சரக்கு வழி எழுதியது:

ரசீது போதாது. நான் ஏற்றுமதி ஆவணங்கள் தொடர்பான பணியில் இருப்பவன். உங்கள் கேள்விகளில் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நைஜீரியாவின் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல அருங்காட்சியகங்கள், நினைவுச்சின்னங்களுக்கான தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும். தொல்பொருள் என்றால் மிகப் பழையது என்று நாம் எண்ணுகிறோம். அந்தச் சட்டமோ 1918க்கு முன் செய்யப்பட்ட கலைப்பொருளை மட்டுமன்றி, வரலாற்று அல்லது கலை மதிப்புடையதாய் மரபுச் சடங்கில் எக்காலத்திலேனும் பயன்பட்ட பொருளையும் தொல்பொருளாகக் கொள்கிறது. முகம் தேய்ந்த இபேஜியும் ஆடப்பட்ட கெலெடேயும் இதற்குள் வரக்கூடும். விற்பனைக்கென்றே செதுக்கி, பழையது போலத் தோற்றமளிக்கச் செய்தவை என்றால் அனுமதி எளிது. எது எது என்பதை ஆணையத்தினரே பார்த்துச் சொல்லட்டும். பொதி கட்டுவதற்கு முன்பே நான்கு பக்கமும் படமெடுத்து, பொருள்களோடு நேரில் செல்லுங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டால் துணிமணிக்குள் மறைத்துக் கொண்டுவர எண்ணாதீர்கள். 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தைச் சூறையாடி அள்ளிச் சென்ற பித்தளை, வெண்கலச் சிற்பங்களை நைஜீரியா இன்றும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டிருக்கிறது. 2022இல்தான் ஜெர்மனி ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. லேகோஸின் ஒனிகானில் உள்ள தேசிய அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்துவிட்டு வருவதே அப்போது முறையாகும்.

மரப்பெட்டி செய்தால், பலகையின் உள்மையம் வரை 56 பாகையில் 30 நிமிடம் வெப்பமூட்டிய முத்திரை இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இந்தியத் துறைமுகத்தில் சிக்கல் வரும். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை.


லேகோஸ்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எண்ணெய்க் குப்பியை எடுத்து வைத்துவிட்டேன். சிற்பம் கறுப்புத் தாளின்மேல் நிற்கிறது. சடங்கில் பயன்பட்டதாக இருக்கலாம் என்ற எண்ணம் வாங்கும்போதே எனக்கு இருந்தது, விசாரிக்காமல் விட்டது என் தவறு. அடுத்த வாரம் ஒனிகானுக்குச் செல்கிறோம். அவர்கள் வைத்துக்கொண்டாலும் எனக்கு மனக்குறை இராது. அனுமதி கிடைத்தால், தூள் உதிர்ந்த சிற்பத்தை மட்டும் பிரித்துத் தனியே உறையவைத்துத் தனிப் பெட்டியில் அனுப்பலாமா? முகமூடியை வீட்டில் சுவரில் மாட்டலாமா?


மரமும் மெருகும் எழுதியது:

இரண்டையும் சேர்த்தே உறையவையுங்கள். ஒன்றில் புழு இருந்தால் அருகிலிருந்ததற்கும் பரவியிருக்க வாய்ப்புண்டு. பொதியும் ஒன்றாகவே இருக்கட்டும்; நடுவில் நுரைத் தடுப்பு வைத்து, ஒரே பெட்டியில், கைப்பையோடு விமானத்தில் எடுத்து வாருங்கள். சந்தையில் எத்தனையோ இபேஜிகள் தனித்தனியே கிடப்பதற்கு, வழியில் யாரோ ஒருவர் இணையைப் பிரித்ததும் ஒரு காரணம்.

கெலெடேயைச் சுவரில் மாட்ட வேண்டாம். ஆடுபவர் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு, அதைக் குல்லாய் போலத் தலையுச்சியில்தான் அணிவார். விளிம்பிலுள்ள துளைகள் துணி கட்டுவதற்கானவை. ஆணியில் தொங்கவிட்டால் அந்தத் துளைகள் பிளந்துவிடும். துணி சுற்றிய நுரையால் தலை வடிவில் ஒரு தாங்கி செய்து, நிற்கும் மனிதரின் உயரத்தில், வெயில் படாத மூலையில் வையுங்கள். அந்த உயரத்தில்தான் பாம்பும் பறவையும் சரியாகத் தெரியும்.