புதுப்பிப்பு: டர்பன் நாடகத் தேர்வுக்கு ஆள் கிடைத்தது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் சிறிய நாடகக் குழு நடத்திய நடிகர் தேர்வுக்கு மூன்று பேர்தான் வந்தார்கள், அவர்களுக்கும் தமிழ் எழுத்து வாசிக்க வரவில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வசனத்தை ரோமன் எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். சரிப்படவில்லை. பலம், பாலம் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கைகொடுத்தது குரல் பதிவு யோசனைதான். ஒவ்வொரு வசனத்தையும் மெதுவாக ஒரு முறை, உணர்ச்சியோடு ஒரு முறை பேசி, ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தேர்வன்று யார் கையிலும் காகிதம் இல்லை.

தேதியும் தப்பு என்று ஒருவர் சொன்னது உண்மை. புரட்டாசிச் சனிக்கிழமை இங்கே வீட்டுக்கு வீடு விரதம், பூஜை. ஞாயிறு மதியத்துக்கு மாற்றினோம். 19 பேர் வந்தார்கள்.

எதிர்பாராதது ஒன்று. நாடகம், 1860 நவம்பர் 16 அன்று இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலில் ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த கதை. அதில் வரும் கிழவி வேடத்துக்குத்தான் ஆளே இல்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த ஆயா ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நாற்காலிக் கையில் தாளம் தட்டி, தெருக்கூத்துப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். தெருக்கூத்தை இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்போம், அதை அவருடைய அப்பா ஆடியவராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேடம் அவருக்கே, பேரனுக்கும் ஒரு சின்ன வேடம்.

இதே வழியில் போகிறவர்கள் இரண்டு பேர் குரலில் பதிவு செய்யுங்கள். என் குரலை மட்டும் கேட்டதால் பாதிப் பேர் என்னைப் போலவே இழுத்துப் பேசுகிறார்கள். இப்போது அதைத்தான் ஒத்திகையில் திருத்திக்கொண்டிருக்கிறோம்.